சோடா கம்பெனியைக் கட்டிக்கொடுத்தவர்

கம்பெனி ஆரம்பித்தவர்கள் உலகத்தில் கோடிப் பேர் இருக்கலாம். நடத்தியவர்கள், நஷ்டப்பட்டவர்கள், விற்றவர்கள், விற்றுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டவர்கள் என்று எத்தனையோ ரகம். ஆனால் ஒரு லிமிடெட் கம்பெனிக்குப் பெயர் சூட்டி, காது குத்தி, ஜாதகம் எழுதி, வரன் பார்த்துக் கட்டிக்கொடுத்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் பூந்தமல்லிக்குப் பக்கத்தில் சென்னீர்க்குப்பத்தில் இருந்தார். அவரிடம் நான் மாதச் சம்பளம் வாங்கினேன்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. 'மு' என்ற எழுத்தில் அது ஆரம்பமாகும். அதற்கு மேல் யாரும் கவலைப்பட்டதில்லை. பூந்தமல்லியிலிருந்து பருத்திப்பட்டு வழியாக ஆவடி வரைக்கும் அவர் 'லிமிடெட்டார்'தான். வெள்ளைக்காரன் ஆண்டுகொண்டிருந்த அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் லிமிடெட் என்ற சொல்லைத் தாங்கிய ஒரே தகர போர்டு அவருடையது. அந்த போர்டுக்குப் பின்னால் இருந்தது ஒரு கோலி சோடா மெஷின், அதைச் சுற்ற இரண்டு ஆள், சோடா ஏற்றிப் போக ஒரு மாட்டு வண்டி.

ஒரு சோடாக் கடை எதற்காக லிமிடெட் ஆயிற்று என்று கேட்பீர்கள். காடுவெட்டியில் ஒரு கல்யாணத்தில் அவருடைய பாட்டில் ஒன்று வெடித்து, மாப்பிள்ளையின் தலைப்பாகை பந்தலுக்கு மேலே போய்விட்டது. தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் மாப்பிள்ளை வீட்டார் வழக்குப் போடுவோம் என்றார்கள். லிமிடெட்டார் பயந்துபோய்ப் பூந்தமல்லியில் ஒரு வக்கீலைப் பார்த்தார்.

"லிமிடெட் கம்பெனியா மாத்திடுங்க. அப்புறம் எது வெடிச்சாலும் வழக்கு கம்பெனி மேலதான் வரும். உங்க ஊட்டையும் நெலத்தையும் யாரும் தொட முடியாது" என்றார் வக்கீல்.

"கம்பெனி இன்னா ஆளா சார், அது மேல கேஸ் போட?"

"சட்டத்தின் கண்ணுக்கு ஆள்தான். நீங்க வேற, அது வேற. அதுக்குத் தனிப் பேரு, தனிச் சொத்து, தனி முத்திரை எல்லாம் உண்டு."

"ஆம்பளையா, பொம்பளையா?"

வக்கீல் அடுத்த கட்சிக்காரரைக் கைகாட்டிக் கூப்பிட்டபடியே, "அது உங்க இஷ்டம்" என்றார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். லிமிடெட்டாருக்கும் அவர் மனைவி தாயாரம்மாளுக்கும் பிள்ளை கிடையாது. திருவேற்காடு, திருமழிசை, மாங்காடு என்று அவர்கள் வேண்டிக்கொள்ளாத சந்நிதி இல்லை. எந்தச் சந்நிதியிலும் அவர்களிடம் யாரும் 'உங்கள் இஷ்டம்' என்று சொன்னதில்லை. முதன்முதலில் சொன்னவர் அந்த வக்கீல்தான். லிமிடெட்டார் வெற்றிலைக் கடையில் நின்று கற்கண்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். பெண் குழந்தை என்று முடிவாயிற்று. 'மு. செங்கமலம் சோடா கம்பெனி லிமிடெட்' என்று தகப்பன் இனிஷியலோடு பெயர் வைத்தார்கள்.

பதிவுப் பத்திரம் வந்த அன்று தெரு முழுக்கச் சர்க்கரை. லிமிடெட்டார் பட்டணத்துக்குப் போய், அந்தப் பத்திரத்தில் அதிகாரி எத்தனை மணிக்குக் கையெழுத்துப் போட்டார் என்று ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசலில் நின்று விசாரித்தார். "சாப்பாட்டுக்கு அப்புறம்" என்றான் பியூன். அது போதாதா? ஜோசியர் ஜாதகம் கணித்துக் கையில் கொடுத்துவிட்டார். தண்ணீரால் தனம் உண்டு, வாயுத் தொல்லை இருக்கும் என்று அதில் கண்டிருந்தது. சோடா கம்பெனிக்கு இதைவிடப் பொருத்தமாக எவனாலும் எழுத முடியாது. இத்தனைக்கும் ஜோசியரிடம் பெண் குழந்தை என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்.

காதுகுத்தை நான் நேரில் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் சொல்லும்போதே மூச்சு வாங்குவார்கள். போர்டைச் சங்கிலியில் தொங்கவிட மேல் மூலைகளில் இரண்டு துளை போட வேண்டும், அவ்வளவுதான் விஷயம். அதற்கு நாள் பார்த்து, தாயாரம்மாளின் தம்பியைக் கோவில்பதாகையிலிருந்து வரவழைத்து, தாய்மாமன் என்று மணையில் உட்காரவைத்து, போர்டை அவர் மடியில் கிடத்தினார்கள். ஆசாரி ஆணியை வைத்துச் சுத்தியலால் இரண்டு போடு போட்டார். ஆணி தகரத்தைத் தாண்டித் தாய்மாமன் தொடை வரைக்கும் போய் நலம் விசாரித்தது. குழந்தை அழவில்லை. மாமன்தான் அழுதார்.

அதற்கு அடுத்த வருஷம் நான் வேலை கேட்டுப் போனேன். பள்ளிக்கூடம் முடித்து டைப் அடிக்கக் கற்றிருந்தேன். லிமிடெட்டார் என் சான்றிதழ்களைப் பார்க்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கொயந்திங்களக் கைநீட்டி அடிக்கிற பயக்கம் கீதா?"

"இல்லீங்க."

"அப்ப இன்னைக்கே சேந்துக்கோ. நீதான் செகட்டரி."

செங்கமலத்துக்கு மொத்தம் நூறு பங்கு. அதில் ஒன்று தாயாரம்மாள் பேரில் இருந்தது. ஒரே ஆளாக லிமிடெட் கம்பெனி நடத்தச் சட்டம் விடாது, இரண்டு பேராவது வேண்டும் என்பதால் வக்கீல் செய்த ஏற்பாடு அது. புருஷனும் பெண்சாதியுமாக இரண்டு பேர், இரண்டு பேருமே டைரக்டர்கள். டைரக்டர்கள் கூட்டம் சமையலறையில் நடக்கும். லிமிடெட்டார் உரலின் மேல் உட்காருவார், அம்மா அடுப்புக்கு முன்னால், நான் நிலைப்படியில். ஒரு தடவை ரோஜா நிறத்தில் கலர் போடலாம் என்று லிமிடெட்டார் யோசனை சொன்னார்.

"கலரு கிலரெல்லாம் வேணாம். நல்ல ஊட்டுப் பொண்ணு வெள்ளையாவே இருக்கட்டும்" என்றார் தாயாரம்மாள்.

"நாலு பேரு கேக்கறாங்கமே."

"எங்கைல ஒரு பங்கு கீது. என்னைக் கேக்காம நீ எப்டி முடிவு பண்ணுவ?"

"உன்னைத்தானே கேட்டுக்கினு கீறேன்."

"வேணாம்னு சொல்லிக்கினு கீறேன் இல்ல?"

தீர்மானம் தோற்றது என்று எழுதிக்கொண்டேன். வெளியே வந்ததும், தொண்ணூற்றொன்பது பங்கு வைத்திருப்பவர் ஒரு பங்குக்குப் பயப்பட வேண்டியதில்லை, வோட்டில் அவர்தான் ஜெயிப்பார் என்று சட்டத்தை விளக்கினேன். லிமிடெட்டார் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஓட்டுல ஜெயிச்சிட்டு அப்பால சோறு எங்க துன்றது? உங்க சட்டத்துல அது எய்திகீதா?"

எழுதியிருக்கவில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்தில் உலகச் சண்டை வந்தது. ஆவடியில் ராணுவ முகாம் முளைத்தது. அங்கே வந்து இறங்கிய சோல்ஜர்களுக்கு எங்கள் ஊர் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, எங்கள் சோடா ஒத்துக்கொண்டது. முகாமுக்கு சோடா சப்ளை செய்யும் ஆர்டர் செங்கமலத்தின் பேரில் எழுதி வந்தது. லிமிடெட்டார் அதை நெற்றியில் ஒற்றிக்கொண்டு, "எம்பொண்ணு பட்டாளத்துக்கே தண்ணி குடுக்கறா" என்று சேக்காடு வரை சொல்லிக்கொண்டு போனார்.

பெருமை சில மாதங்கள்தான் நின்றது. அதே சண்டை சோடாவுக்கு வேண்டிய காஸை விழுங்கிவிட்டது. பட்டணத்திலிருந்து வரும் காஸ் சிலிண்டர் முதலில் தாமதமாக வந்தது, பிறகு பாதியாக வந்தது, பிறகு வரவே இல்லை. மெஷின் சும்மா நின்றது. லிமிடெட்டார் காலி சிலிண்டரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "மூச்சு உட முடியாம கீறா" என்று தலையைக் குனிந்துகொள்வார். முகாமிலிருந்து, சப்ளை ஒழுங்காக வராவிட்டால் ஆர்டரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று எச்சரிக்கை வந்தது. ஆர்டர் போனால் செங்கமலத்தின் கதை முடிந்தது.

அந்தச் சமயத்தில்தான் மண்ணடியார் வந்தார். மண்ணடியில் பெரிய வியாபாரி. பட்டணத்தில் யாரிடமும் இல்லாத காஸ் அவரிடம் மட்டும் இருந்தது. லிமிடெட்டாரைவிட ஆறேழு வயது மூத்தவர், தலையில் முடி என்பது ஒரு வதந்தி. காரை விட்டு இறங்கியதும் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"மெஷினும் வாணாம், வண்டியும் வாணாம். அதெல்லாம் எங்கிட்டயே கீது. முகாம் ஆர்டரு கம்பெனி பேருல கீது பாரு, அதனால கம்பெனியே வேணும். பங்கையெல்லாம் என் பேருக்கு மாத்திக் குடுத்துடுங்க."

லிமிடெட்டார் எழுந்து உள்ளே போனார். நானும் பின்னால் போனேன்.

"பொண்ணு கேட்டு வந்துகீறாங்க" என்றார் மனைவியிடம்.

தாயாரம்மாள் கரண்டியைக் கீழே வைத்தார். "இப்டித் திடுதிப்புனா வருவாங்க? ஒரு வார்த்தை சொல்லி உட்டுட்டு வரக் கூடாது?" என்று சொல்லிக்கொண்டே ரவையை வறுக்க ஆரம்பித்துவிட்டார்.

மண்ணடியார் சொஜ்ஜியும் வாழைக்காய் பஜ்ஜியும் சாப்பிட்டார். வியாபாரம் பேச வந்த இடத்தில் இத்தனை உபசாரமா என்று அவருக்கே சந்தேகம். "கம்பெனியப் பாக்கலாமா?" என்று கேட்டார். கணக்கு வழக்கைப் பார்க்க வேண்டும் என்ற அர்த்தத்தில்தான் கேட்டார், பாவம். லிமிடெட்டார் உள்ளே போய், தகர போர்டைத் துடைத்துக் குங்குமம் வைத்து, இரண்டு காதிலும் பூந்தமல்லி மல்லிகையைத் தொங்கவிட்டு, மெதுவாக அடிமேல் அடி வைத்துத் தூக்கிவந்து, மண்ணடியார் முன்னால் லேசாக முன்பக்கம் சாய்த்தார். பெண் நமஸ்காரம் செய்கிறதாம். மண்ணடியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போர்டின் பின்பக்கத்தைத் திருப்பித் துரு பார்த்தார்.

"ஒடம்பு கெட்டியான ஒடம்புதான்" என்றார் லிமிடெட்டார் கொஞ்சம் வருத்தமாக. பிறகு, "உங்களுக்கு ஏற்கெனவே கீதா?" என்று கேட்டார்.

"இன்னா கீதா?"

"கம்பெனி."

"ரெண்டு கீது. ஐஸ் கம்பெனி ஒண்ணு, எண்ணெய்க் கம்பெனி ஒண்ணு. தீப்பெட்டிக் கம்பெனின்னு ஒண்ணு இருந்திச்சு, மூடிட்டேன்."

லிமிடெட்டார் முகம் வெளுத்துவிட்டது. "சீக்கா?"

"சீக்கு இல்ல, கோக்கு இல்ல. ஒத்து வரல, மூடிட்டேன். கம்பெனின்னா அப்டித்தானே? வேணும்னா வச்சிக்கறது, வேணாம்னா மூடறது."

அவர் கார் கிளம்பிய பிறகு சமையலறையில் அவசரக் கூட்டம் நடந்தது. அத்தனை கலவரமான கூட்டத்தை நான் அதற்குப் பிறகு எந்தப் பெரிய கம்பெனியிலும் கண்டதில்லை.

"மூணாந்தாரமாக் குடுக்கச் சொல்றியா?" என்றார் தாயாரம்மாள்.

"மூணாந்தாரம்கூடப் பரவால்ல. ஒண்ணைக் கொன்னுட்டு வந்துகீறான், அதையும் கூசாம சொல்றான்."

"அப்ப குடுக்காத."

"குடுக்கலன்னா காஸ் இல்லாம நம்ம ஊட்டுலயே செத்துப்பூடும். குடுத்தா அங்க போயி மூடிடுவானோன்னு பயமா கீது. நான் இன்னா பண்ணுவேன்?"

உரலின் மேல் உட்கார்ந்திருந்த அந்தப் பெரிய மனிதர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வருவது அவரிடம் வேலை பார்ப்பவர்களுக்குச் சாதாரணம்.

மூத்த தாரங்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று தீர்மானம் நிறைவேறியது. மறுநாளே லிமிடெட்டாரும் நானும் மண்ணடிக்குப் போனோம். ஐஸ் கம்பெனி போர்டில் விரற்கடைத் தூசி. லிமிடெட்டார் தம் துண்டால் அதைத் துடைத்துவிட்டு, வெளியே வந்த மானேஜரை ஓரமாக அழைத்தார்.

"மொதலாளி கோவக்காரரோ?"

"ஆமாங்க, நாள் முச்சூடும் ஏசுவாரு."

"கம்பெனிய ஏசுவாரா?"

"இதுவும் ஒரு கம்பெனியான்னு ஏசுவாரு."

"அடிப்பாரோ?"

மானேஜர் யோசித்தார். "மேஜைய அடிப்பாரு."

"மேஜையோட போச்சுன்னா சரி" என்றார் லிமிடெட்டார். திரும்பி வரும்போது, மூத்தவள் தூசியும் தும்புமாக இருந்தாலும் சாப்பாட்டுக்குக் குறைவில்லை, காஸ் சிலிண்டர் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கிறது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

பிறகு மண்ணடியாரின் ஜாதகத்தைக் கேட்டார். மண்ணடியார் தம் வக்கீலிடம் யோசனை கேட்டார். பங்கு மாற்றத்துக்கு ஜாதகம் கேட்கக் கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை என்று வக்கீல் சொல்லிவிட்டார். தவிர, பங்கு கைமாறுவதை மறுக்க டைரக்டர்களுக்கு உரிமை உண்டு, காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் மண்ணடியார் ஜாதகத்தைக் கொடுத்தனுப்பினார். பொருத்தம் பரவாயில்லை என்றார் ஜோசியர்.

கடைசியில் தகராறு பெயரில் வந்து நின்றது. பெயரை மாற்றப்போகிறேன் என்றார் மண்ணடியார்.

"இனிஷியல மாத்திக்குங்க. அது மொறதான். பேரை எப்டி மாத்துவீங்க? உங்க ஊட்டம்மாவ கண்ணாலம் கட்டிக்கினு வந்தப்ப பேரை மாத்துனீங்களா?"

மண்ணடியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த அம்மாள் இறந்துபோய் வெகு காலம் ஆகிவிட்டது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. "மாத்தல" என்றார் மெல்ல. "சரி, இனிஷியல் மட்டும்" என்று ஒப்புக்கொண்டார்.

எல்லாம் முடிந்தது என்று நான் பேனாவை மூடப்போன நேரத்தில் தாயாரம்மாள் கதவுக்குப் பின்னாலிருந்து பேசினார்.

"அவரு பங்கெல்லாம் குடுக்கட்டும். என்னோட ஒண்ணு எங்கைல இருக்கும். பொண்ணைக் குடுத்துட்டு ஒரு ஒறவும் இல்லாம கைய வீசிக்கினு நிக்க நம்மளால ஆவாது."

மண்ணடியாருக்கும் அது சௌகரியமாகப் போயிற்று. இரண்டாவது பங்குதாரர் ஒருவர் வேண்டும். அவருடைய பங்காளிகள் எல்லோரும் அவரோடு கோர்ட்டில் இருந்தார்கள். தன் நிழலைப் பங்குதாரராகச் சேர்க்கக்கூட யோசிக்கிற மனிதர் அவர். ஒரே ஒரு பங்கை வைத்துக்கொண்டு ஒரு கிராமத்து அம்மாள் என்ன செய்துவிடப் போகிறார் என்று நினைத்துவிட்டார். மாமியார் என்றால் என்ன என்பதை அவர் மறந்து பல வருஷம் ஆகியிருந்தது.

முகூர்த்தம் நல்லபடியாக நடந்தது. பங்கு மாற்றுப் பத்திரங்களை வெற்றிலை பாக்கு, மஞ்சள், தேங்காயோடு தாம்பாளத்தில் வைத்து லிமிடெட்டார் தாரைவார்த்தார். அப்படியே தண்ணீரை விட்டிருந்தால் ஸ்டாம்பெல்லாம் மிதந்திருக்கும். நான் கெஞ்சியதால் ஒரு உத்தரணித் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டார். கையெழுத்து விழுந்ததும் நாகஸ்வரக்காரர் கெட்டிமேளத்துக்குச் சைகை காட்ட, மண்ணடியார் கூட்டி வந்திருந்த வக்கீல் மிரண்டு எழுந்தே நின்றுவிட்டார். மெஷின் முகாமுக்குப் பக்கம் என்பதால் சென்னீர்க்குப்பத்திலேயே இருப்பது, போர்டும் முத்திரையும் மண்ணடிக்குப் போவது என்று ஏற்பாடு. காரில் போர்டை ஏற்றும்போது தாயாரம்மாள் அதன் மூலையில் ஒரு துணியில் அரிசியும் மஞ்சளும் முடிந்து கட்டினார். லிமிடெட்டார் காரோடு குமணன்சாவடி வரைக்கும் நடந்தே போனார். நடக்கிற ஆளுக்காகக் காரையும் அந்த வேகத்திலேயே ஓட்டச் சொன்னார் மண்ணடியார். அவர் செய்த முதல் நல்ல காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

காஸ் வந்தது. மெஷின் சுற்றியது. லிமிடெட்டார் பழையபடி வளைய வந்தார். சில மாதம் கழித்து மண்ணடியாரிடமிருந்து எனக்கு உத்தரவு வந்தது. முகாம் ஆர்டரை அவர் தம் ஐஸ் கம்பெனி பேருக்கு மாற்றிக்கொண்டுவிட்டார். இனிமேல் செங்கமலம் அவருக்குத் தேவை இல்லை. கம்பெனியை மூடத் தீர்மானம் போட வேண்டும். ஆனால் பங்குதாரர் கூட்டம் என்றால் இரண்டு பேராவது உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த இரண்டாவது ஆள் தாயாரம்மாள். ஆகவே சென்னீர்க்குப்பத்தில் கூட்டம், இன்ன தேதி, அறிவிப்பு தயார் செய் என்று உத்தரவு.

நான் டைப் அடித்துக்கொண்டு போய் அவர்கள் முன்னால் படித்தேன். தேதியைக் கேட்டதுமே லிமிடெட்டார் துள்ளி எழுந்துவிட்டார்.

"தீவாளிக்கு மொத நாளு. மாப்ள தல தீவாளிக்கு வராரு."

"ஐயா, அவர் வர்றது கம்பெனிய மூடறதுக்கு" என்றேன்.

அது அவர் காதில் ஏறவே இல்லை. வேட்டி எடுக்கப் பூந்தமல்லிக்குக் கிளம்பிவிட்டார். தாயாரம்மாள் காதில் ஏறியது. அடுப்பில் ஒரு விறகைத் தள்ளிவிட்டார். பிறகு, "வரட்டும்" என்றார்.

மண்ணடியார் மத்தியானம் வந்தார். அரை மணி நேரத்தில் முடித்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்று காரைத் திருப்பி நிறுத்தச் சொன்னார்.

"நான் வந்தாத்தானே கூட்டம்? அதிரசத்துக்குப் பாகு வச்சிக்கினு கீறேன். எறக்கிட்டு வரேன்" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

பாகு முடிந்து முறுக்கு வந்தது. முறுக்கு முடிந்து சுழியம் வந்தது. மண்ணடியார் கடிகாரத்தைப் பார்த்தார், இன்னொரு சுழியம் சாப்பிட்டார். சாயங்காலம் ஆகியும் கூட்டத்துக்குக் குறைந்தபட்ச ஆள் சேரவில்லை. டிரைவருக்கும் நாள் கிழமைக்கு வீட்டுக்குப் போக வேண்டுமே என்று லிமிடெட்டார் அவனைக் காரோடு அனுப்பிவைத்துவிட்டார். முதலாளியைக் கேட்கவில்லை. மருமகன் விஷயத்தில் மாமனார் எதற்காகக் கேட்க வேண்டும்?

விடிந்தால் தீபாவளி. மண்ணடியாரை மணையில் உட்காரவைத்து லிமிடெட்டார் எண்ணெய் வைத்தார். எண்ணெய் தங்குவதற்கு அந்தத் தலையில் எந்த வசதியும் இல்லை. அதனால் அவர் திரும்பத் திரும்பத் தேய்க்க வேண்டியிருந்தது. முதலில் "போதும், போதும்" என்றுகொண்டிருந்த மண்ணடியார் பிறகு கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். வெந்நீர், சீயக்காய், மஞ்சள் தடவிய புது வேட்டி, லேகியம், இலை நிறையப் பலகாரம். பட்டாசுச் சரத்தைக் கொளுத்தச் சொல்லி அவர் கையில் ஊதுவத்தியைக் கொடுத்தார் லிமிடெட்டார். கொளுத்திவிட்டு மண்ணடியார் ஓடி வந்த ஓட்டத்தை அவருடைய பங்காளிகள் பார்த்திருந்தால் வழக்கை வாபஸ் வாங்கியிருப்பார்கள்.

அதன் பிறகுதான் தாயாரம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"கூட்டத்த ஆரம்பிக்கலாம். இன்னா தீர்மானம் மாப்ளே?"

மண்ணடியார் என்னைப் பார்த்தார். நான் காகிதத்தைப் பார்த்தேன். லிமிடெட்டார் வாசற்படியில் நின்று, அவளையும் ஒரு தடவை அழைத்து வந்திருக்கலாமே, போர்டுதானே, காரில் இடம் இல்லாமலா போயிற்று என்று மருமகனிடம் செல்லமாகக் குறைப்பட்டுக்கொண்டிருந்தார்.

மண்ணடியாருக்குத் தொண்டை வரைக்கும் வார்த்தை வந்தது. அது தெரிந்தது. பிறகு உள்ளே போய்விட்டது. அதுவும் தெரிந்தது.

"ஒண்ணும் இல்ல அத்தே. செங்கமலம் போர்டு பெயிண்டு மங்கிக்கினு வருது. புதுசா எய்தணும். அதான் தீர்மானம்" என்றார், தம்மைவிடப் பல வயது சின்னவரான அந்த அம்மாளிடம்.

"எய்துங்க" என்றார் தாயாரம்மாள். மறுபேச்சு இல்லாமல் அவர் ஆதரித்த முதல் தீர்மானம் அது. எழுந்து போகும்போது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை லிமிடெட்டார் பார்க்கவில்லை. அவர் மருமகனுக்கு இன்னொரு சரம் பிரித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு செங்கமலத்தை மூடுவதைப் பற்றி மண்ணடியார் வாயைத் திறக்கவில்லை. முகாமுக்கு ஐஸ் கம்பெனி சப்ளை செய்தது, ஊருக்குச் செங்கமலம் சோடா போட்டது. பெரிய லாபம் ஒன்றும் இல்லை. அவர் மேஜையை அடித்தாரா என்று எனக்குத் தெரியாது.

சுதந்திரம் வருவதற்குச் சற்று முன்னால், மார்வலி என்று படுத்த லிமிடெட்டார் எழுந்திருக்கவில்லை. ஊரே திரண்டு வந்தது. உறவுமுறைக் கோடித் துணிகள் ஒவ்வொன்றாக வந்து விழ, சடங்கு செய்விக்கிறவர் இன்னார் வீட்டுக் கோடி என்று உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். அப்போது வாசலில் கார் நின்றது. மண்ணடியார் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையில் புது வேட்டியோடு நடந்து வந்தார்.

"யாரு ஊட்டுக் கோடி?" என்று கேட்டார் சடங்குக்காரர்.

ஊர் முழுக்கப் பல வருஷமாகச் சிரித்த விஷயம். யாராவது அங்கேயும் சிரித்துவிடுவார்களோ என்று பயந்தேன்.

"பொண்ணு ஊட்டுக் கோடி" என்றார் மண்ணடியார்.

யாரும் சிரிக்கவில்லை. சடங்குக்காரர் அதை அப்படியே உரக்கச் சொன்னார். தாயாரம்மாள் தலையை நிமிர்த்தி, "அவளுக்குச் சொல்லியாச்சா மாப்ளே?" என்று கேட்டார்.

"சொல்லிட்டேன் அத்தே. இன்னைக்கு மெஷின் சுத்தல."

லிமிடெட்டாரைப் பார்த்துத் தினம் தினம் சிரித்தவன் நான். அவர் எதிரிலேயே சிரித்திருக்கிறேன், அவரும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறார். அன்றைக்குத் தகப்பனைப் பறிகொடுத்தவனைப் போல அழுதேன்.